ஐஸ் பெட்டி மூடியின் இரண்டாவது சுரம்

முட்டத்தில் என் மாமாவுக்கு ஒரு ஃபைபர் வள்ளம் இருக்கிறது. அதன் ஐஸ் பெட்டிக்கு இரண்டு மூடிகள், இரண்டும் ஒரே அச்சில் செய்தவை. 60 சென்டிமீட்டர் சதுரம். மேலும் கீழும் 3 மில்லிமீட்டர் ஃபைபர் தோல், நடுவில் 4 சென்டிமீட்டர் ஃபோம். போன ஆடியில் கடல் மோசமாகி வள்ளம் கரையேறியபோது மாமா இரண்டையும் கழற்றி மணலில் வைத்து, ஐந்து ரூபாய் நாணயத்தின் விளிம்பால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "ரெண்டும் கொள்ளாம் மக்களே" என்று சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைத்தார்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியின் அதிர்வு ஆய்வகத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். மாணவர்களுக்குச் சுத்தியல், சென்சார் எடுத்துக்கொடுப்பது, அவர்கள் உடைத்ததை ஒட்டுவது எல்லாம் என் பாடு. மாமாவின் காது மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்த இரண்டு மூடிகளில் ஒன்று நல்லதில்லை. அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொன்னால், உங்கள் வீட்டிலோ பட்டறையிலோ இருக்கும் எந்த ஃபைபர் பலகைக்கும் அதே வழி பொருந்தும். ஆய்வகக் கருவி தேவையில்லை. ஒரு போன், ஒரு கணினி, பழைய சைக்கிள் ட்யூப், ஒரு கோலிக்குண்டு, ஒரு தராசு போதும்.

நாணயம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்காது

மாமா செய்தது தவறான சோதனை இல்லை. விமானப் பட்டறைகளிலும் இன்றுவரை செய்கிறார்கள். தோல் ஃபோமோடு ஒட்டியிருக்கும் இடத்தில் நாணயம் பட்டதும் தெறித்து விலகும். ஒட்டு விட்டுப்போன இடத்தில் தோல் கொஞ்சம் உள்வாங்கும். அதனால் நாணயம் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் கூடும். அந்த நேரம் கூடினால் உயர்ந்த சுரங்கள் எழவே எழாது. நல்ல இடம் 'டிக்' என்பதும் கெட்ட இடம் 'டொக்' என்பதும் இதனால்தான். 1988-ல் பீட்டர் காவ்லி, ஆடம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த நாணயத் தட்டலை முறையாக அளந்து காட்டினார்கள்.

ஆனால் நாணயத்துக்குக் கேட்பது அதன் அடியில் இருக்கும் தோல் மட்டும். நடுவில் 4 சென்டிமீட்டர் ஃபோம் இருக்கும்போது மறுபக்கத் தோல் என்ன ஆனது என்று அதற்குத் தெரியாது. 2005 மார்ச்சில் கியூபாவின் வரதேரோவிலிருந்து கனடாவுக்குக் கிளம்பிய ஏர்பஸ் ஏ310 விமானம் ஒன்றின் வால் சுக்கான் நடுவானில் பிய்ந்து போனது. விமானம் பத்திரமாகத் திரும்பி இறங்கிவிட்டது. அந்தச் சுக்கானும் நம் மூடி போலத்தான்: இரண்டு பக்கமும் கார்பன் ஃபைபர் தோல், நடுவில் தேன்கூடு போன்ற அறைகள். கண்ணால் பார்ப்பதும் வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பதும் இப்படிப்பட்ட உள்காயத்துக்குப் போதாது என்று விசாரணையில் சொன்னார்கள்.

முழுப் பொருளையும் அதிரவைத்தால் நிலைமை வேறு. தொங்கவிட்டுத் தட்டிய மூடி, மேல்தோல், கீழ்த்தோல், ஃபோம் எல்லாம் சேர்ந்துதான் ஒலிக்கும். எங்கே விறைப்பு குறைந்தாலும் அந்த ஒலியில் ஏதோ ஒரு சுரம் கொஞ்சம் இறங்கும். இந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் சிக்கல். விறைப்பு 10 சதவீதம் குறைந்தால் சுரத்தின் அதிர்வெண் (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பது) 5 சதவீதம்தான் குறையும். அந்தப் பத்து சதவீதமும் முழுப் பொருளுக்கு. உள்ளங்கை அளவு காயம் அவ்வளவு குறைக்காது. எனவே நாம் தேடுவது இரண்டு, மூன்று, நான்கு சதவீத மாற்றத்தை. இதற்குக் காதை நம்ப முடியாது, எண் வேண்டும்.

தொங்கவிடுவது

மூடியை மேஜையில் வைத்துத் தட்டினால் மேஜையும் சேர்ந்து பேசும். தரையில் வைத்தால் தரை. அதனால் சைக்கிள் ட்யூபை ஒரு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டி, இரண்டு வளையமாக்கி, மூடியைச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். எடையில் ட்யூப் 5 சென்டிமீட்டராவது நீள வேண்டும். அவ்வளவு நீண்டால் மூடி மேலும் கீழும் ஆடும் வேகம் விநாடிக்கு இரண்டு தடவைக்குப் பக்கத்தில் இருக்கும். மூடி ஒலிக்கும் பல சுரங்களில் மிகக் கீழானதை முதல் சுரம் என்கிறேன்; அது விநாடிக்கு நூறு தடவைக்கு, அதாவது 100 ஹெர்ட்ஸுக்கு மேல். தொங்கும் ஆட்டம் முதல் சுரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது.

நைலான் கயிறு வேண்டாம். ஒருமுறை அவசரத்துக்கு நைலான் கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றை இறுக்கி முடிந்த ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வாங்கினேன்.

போனை மூடியின் மேல் ஒட்டாதீர்கள். 200 கிராம் போன், 4 கிலோ மூடியின் சுரத்தைத் தானே இறக்கிவிடும். ஆய்வகத்திலும் இதே கவலைதான். சில கிராம் எடையுள்ள சென்சாரைத் தேன்மெழுகால் ஒட்டுவோம், அதையும் எங்கே ஒட்டினோம் என்று குறித்துவைப்போம். போனைத் தனியாக ஒரு நாற்காலியில் நிறுத்தி, அதன் மைக் மூடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்படி வையுங்கள். ஒலிப்பதிவு செயலியில் இரைச்சல் குறைப்பு, தானாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது போன்ற வசதிகள் இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அவை நம் சுரத்தை இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும்.

தட்டுவது

கோலிக்குண்டை ஒரு சாண் நூலில் கட்டி, ஊசல் மாதிரி 10 சென்டிமீட்டர் பின்னால் இழுத்து விடுங்கள். ஒவ்வொரு தட்டும் ஒரே பலத்தில் விழும். பட்டுத் தெறித்ததும் குண்டைப் பிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது தடவை படும். அந்தப் பதிவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மாணவர்கள் பத்தில் நான்கு தட்டை இப்படித்தான் வீணாக்குவார்கள். உயர் சுரங்கள் தேவையில்லை என்றால் குண்டின் முகத்தில் ஒரு துண்டு ரப்பர் ஒட்டிக்கொள்ளலாம். முகம் மெத்தென்று ஆக ஆக எழும் சுரங்கள் கீழே இறங்கும். விலையுயர்ந்த ஆய்வகச் சுத்தியலுக்கும் எஃகு, பிளாஸ்டிக், ரப்பர் என்று முனைகள் தருவது இதே காரணத்துக்காக.

எங்கே தட்டுவது என்பதுதான் முக்கியம். சதுரப் பலகையின் முதல் சுரத்தில் அது முறுக்கிக்கொள்ளும்: எதிரெதிர் மூலைகள் ஒரு பக்கமும், மற்ற இரண்டு மூலைகள் மறுபக்கமும் போகும். நடுவே செல்லும் கூட்டல் குறிக் கோடுகள் அசையாது. இரண்டாவது சுரத்தில் பலகை குதிரைச் சேணம் போல வளையும்: ஓரங்களின் நடுப்பகுதி ஆடும், மூலைவிட்டக் கோடுகள் அசையாது. ஆக மூலையில் தட்டி மூலையில் கேட்டால் முதல் சுரம் துல்லியமாக வரும், இரண்டாவது ஏறக்குறையக் காணாமல் போகும். ஓரத்தின் நடுவில் தட்டி எதிர் ஓரத்தின் நடுவில் கேட்டால் நேர்மாறு. கணினி வரையும் படத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரு முகடாகத் தெரியும்; இப்படித்தான் எந்த முகடு எந்தச் சுரம் என்று அடையாளம் காண வேண்டும். இதைச் செய்யாமல் இரண்டு மூடிகளின் முகடுகளை ஒப்பிட்டால் ஒன்றின் முதல் சுரத்தை மற்றதன் இரண்டாவதோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். நம்பாதவர்கள் மெல்லிய அலுமினியத் தகட்டைப் படுக்கவைத்து ரவையைத் தூவி, அடியில் ஸ்பீக்கரில் ஒரே சுரத்தை ஒலிக்கவிட்டுப் பாருங்கள். அசையாத கோடுகளில் ரவை போய்ச் சேரும். 1787-ல் கிளாட்னி மணலை வைத்துச் செய்து காட்டிய அதே வித்தை.

ஒவ்வொரு இடத்திலும் பத்துத் தட்டு, தட்டுக்குத் தட்டு மூன்று விநாடி இடைவெளி. பதிவைக் கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்துகொள்ளுங்கள், அது இலவசம். தட்டு விழும் கணத்துக்குச் சற்று முன்பிருந்து இரண்டு விநாடியைத் தேர்ந்தெடுத்து அலைமாலை வரைபடம் (எந்தச் சுரம் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று காட்டும் படம்) கேளுங்கள். அளவு 65,536 என்று வையுங்கள். விநாடிக்கு 44,100 மாதிரிகளில் பதிந்த ஒலிக்கு ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 0.67 ஹெர்ட்ஸ் இடைவெளி கிடைக்கும். அப்புறம் ஒரு விஷயம், இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது: சாளர வகையை 'ரெக்டாங்குலர்' என்று மாற்றுங்கள். வழக்கமாக வரும் 'ஹான்' சாளரம் ஆரம்பத்தையும் முடிவையும் நசுக்கிவிடும். நம் தட்டோ ஆரம்பத்தில்தான் இருக்கிறது. அதை நசுக்கிவிட்டு மிச்ச இரைச்சலைப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன லாபம்?

உடனடியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் செய்த ஃபைஃபாக்ஸ் செயலியைப் போனில் இறக்கிக்கொள்ளலாம். அதில் ஒலி அலைமாலை நேராகத் திரையிலேயே வரும்.

ஃபோம் வைத்த மூடி மணி மாதிரி ஒலித்துக்கொண்டே இருக்காது, கால் விநாடிக்குள் அடங்கிவிடும். அதனால் முகடு ஊசி போல இருக்காது, நாலைந்து ஹெர்ட்ஸ் அகலத்தில் மேடு போலத் தெரியும். பத்துத் தட்டுகளின் மேட்டு உச்சியைச் சராசரி எடுங்கள். அரை ஹெர்ட்ஸ் முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை.

வெயிலும் தண்ணீரும் செய்யும் மோசடி

இந்த விஷயத்தில் நான் ஒருமுறை வெட்கப்பட்டிருக்கிறேன். பல வருடத்துக்கு முன் இதே வள்ளத்தின் ஒரு பழைய மூடியைக் காலையில் ஏழு மணிக்கு அளந்தேன். அப்புறம் சாப்பிட்டுவிட்டு வந்து மதியம் இரண்டு மணிக்கு இன்னொரு தடவை சரிபார்த்தேன். எல்லாச் சுரமும் 3 சதவீதம் கீழே இறங்கியிருந்தது. காலையில் தூக்கும்போது கீழே போட்டது ஞாபகம் வந்தது. அதில்தான் உள்ளே ஏதோ விட்டிருக்கிறது என்று முடிவு கட்டி கிரைண்டரால் அறுத்தேன். உள்ளே ஃபோம் புத்தம் புதுசு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அறுத்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மெஷின் வேற வேணுமா?" என்றார்.

வெயிலில், ஃபைபர் இழைகளைப் பிடித்திருக்கும் ரெசின் என்ற பிசினும் ஃபோமும் இளகும். இளகினால் சுரம் இறங்கும். அவ்வளவுதான் நடந்தது. இதிலிருந்து இரண்டு பழக்கம் வந்தது. ஒன்று, அளப்பது விடியற்காலையில், நிழலில், ஒப்பிட வேண்டிய இரண்டையும் ஒரே மணி நேரத்துக்குள். இரண்டாவது இன்னும் முக்கியம்: எல்லாச் சுரமும் ஒரே சதவீதத்தில் இறங்கினால் அது காயம் இல்லை, வெயில். காயம் ஓர் இடத்தில்தான் இருக்கும், அதனால் சில சுரங்களை அதிகமாகவும் சிலவற்றைக் குறைவாகவும்தான் இறக்கும். ஆகவே தனித்தனி எண்ணை விட இரண்டாவது சுரத்தை முதல் சுரத்தால் வகுத்து வரும் விகிதத்தைப் பாருங்கள். கையால் பூசிய ஃபைபரில் ஒரு மூடிக்கு ரெசின் கொஞ்சம் கூடவும் இன்னொன்றுக்குக் குறையவும் இருக்கும். அந்த வித்தியாசமும் விகிதத்தில் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். காவ்லியும் ஆடம்ஸும் 1979-லேயே இதே யோசனையை இன்னும் தூரம் கொண்டுபோயிருக்கிறார்கள்: இரண்டு சுரங்களின் இறக்கத்தை ஒன்றால் ஒன்று வகுத்தால், காயம் எவ்வளவு பெரிது என்பது கணக்கிலிருந்து போய்விடும், எங்கே இருக்கிறது என்பது மட்டும் மிஞ்சும்.

தண்ணீர் வெயிலை விடப் பொல்லாதது. வெயில் எல்லா இடத்தையும் ஒன்றுபோல் இளக்கும்; ஃபோமுக்குள் போன தண்ணீரோ ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். எடை கூடிய இடம் எந்தச் சுரத்தில் அதிகம் ஆடுகிறதோ அந்தச் சுரம் மட்டும் விழும். பார்த்தால் அச்சு அசலாகக் காயம் போலவே இருக்கும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்: 100 கிராம் எடைக்கல்லை இரட்டைப் பக்க டேப்பால் நல்ல மூடியின் ஓரத்து நடுவில் ஒட்டித் தட்டுங்கள். இரண்டாவது சுரம் ஆறேழு சதவீதம் இறங்கும், முதல் சுரம் அசையாது. மூலைக்கு மாற்றினால் முதல் சுரம் பத்து சதவீதத்துக்கு மேல் விழும், இரண்டாவது பேசாமல் இருக்கும். மூடியின் நட்டநடுவில் ஒட்டினால் இரண்டுமே அசையாது. எதையும் உடைக்காமல் கை பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் நாள் இதைத்தான் கொடுப்பேன்.

அதனால் முதல் வேலை தராசு. மாமாவின் இரண்டு மூடிகளில் ஒன்று மற்றதை விட 110 கிராம் கூட இருந்தது. சரி என்று இரண்டையும் மொட்டை மாடி நிழலில் பத்து நாள் நிறுத்திவைத்தேன். இரண்டும் 3.8 கிலோவுக்கு வந்த பிறகுதான் தொங்கவிட்டேன். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் அளக்கவே வேண்டாம்.

நல்ல மூடியின் முதல் சுரம் 142 ஹெர்ட்ஸ், இரண்டாவது 187. சந்தேக மூடி 141, 178. விகிதம் முதலாவதற்கு 1.317, இரண்டாவதற்கு 1.262. முதல் சுரத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டாவதில் ஒன்பது ஹெர்ட்ஸ் காணோம்.

ஏன் ஒரு சுரத்துக்கு மட்டும் தெரிகிறது

ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். அதன் தாள்களின் ஓரத்தில், தடிமனுக்குக் குறுக்கே, பென்சிலால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். இரண்டு முனையையும் பிடித்து வில் போல வளையுங்கள். நடுக்கோடு நேராகவே நிற்கும். முனைப் பக்கம் போகப் போகக் கோடுகள் சாய்ந்துகொண்டே போகும். தாளுக்குத் தாள் நழுவுகிறது என்று அர்த்தம். நடுவில் நழுவல் இல்லை. அப்படியானால் நட்டநடுவில் இரண்டு தாள் ஒட்டியிருந்தால் என்ன, ஒட்டாமல் இருந்தால் என்ன? வளைவுக்கு அது தெரியவே தெரியாது.

ஃபைபரில் லேயர் விட்டுப்போவதும் இப்படித்தான். தடிமனின் மத்தியில் பட்டை பிரிந்தால், அந்த இடம் அதிகம் வளைகிறதா என்பது முக்கியமில்லை, அங்கே நழுவ வேண்டிய விசை இருக்கிறதா என்பதே முக்கியம். இரண்டு முனையும் சும்மா விட்ட பட்டையின் முதல் சுரத்துக்கு நட்டநடுவில் அந்த விசை சுழியம், எனவே நடுவில் உள்ள பிரிவு முதல் சுரத்துக்குத் தெரியாது. இரண்டாவது சுரத்துக்கு அதே நடுவில் விசை உச்சத்தில் இருக்கும், உடனே தெரியும். ஆனால் ஃபைபர் இழையே அறுந்து விரிசல் குறுக்கே ஓடியிருந்தால் கதை தலைகீழ்: எங்கே அதிகம் வளைகிறதோ அங்கேதான் அதன் பாதிப்பு, நடுவில் உள்ள விரிசலை முதல் சுரம் பிடித்துவிடும். இணையத்தில் பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன்.

கையால் செய்து பார்க்க ஆசை இருந்தால் 'மேட்' எனப்படும் ஃபைபர் இழை விரிப்பும் பாலியஸ்டர் ரெசினும் வைத்து 30 சென்டிமீட்டர் நீளம், 2.5 அகலம், 3 மில்லிமீட்டர் தடிமனில் மூன்று பட்டைகள் செய்யுங்கள். ஒன்று நல்லது. ஒன்றில் நடுவில், இன்னொன்றில் கால் பங்கில், லேயர்களுக்கு இடையே 5 சென்டிமீட்டர் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து மூடிவிடுங்கள். அதுதான் செயற்கைப் பிரிவு. முனையிலிருந்து நீளத்தில் 22 சதவீத இடத்தில், இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சு வைத்து அதன்மேல் பட்டையைப் படுக்கவையுங்கள். முதல் சுரம் எழுபது எண்பது ஹெர்ட்ஸுக்குள் வரும், இரண்டாவது அதைப் போல 2.76 மடங்கு, மூன்றாவது 5.4 மடங்கு. மேலே போகப் போகப் பிரிவு உள்ள பட்டைகள் இந்த மடங்குகளிலிருந்து நழுவுவதைப் பார்க்கலாம். கீழ்ச் சுரங்களை மட்டும் நம்பி ஏமாந்தவர்கள் பெரிய இடத்திலும் உண்டு: 1993-ல் அமெரிக்காவின் அல்புகர்க்கியில் இடிக்கப்போகும் ஒரு நெடுஞ்சாலை இரும்புப் பாலத்தின் தூலத்தைப் படிப்படியாக அறுத்துக்கொண்டே அளந்தார்கள். கடைசி வெட்டு விழும்வரை பாலத்தின் அதிர்வெண்கள் சொல்லும்படியாக அசையவில்லை.

தணிவும் பலமான தட்டும்

பிரிந்த இரண்டு பரப்பும் ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலில் அதிர்வு சீக்கிரம் அடங்கும். ஆடாசிட்டியில் அலையைப் பெரிதாக்கி, உயரம் பாதியாக விழ எத்தனை அலை ஆனது என்று எண்ணுங்கள். 11-ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்தால் வருவது தணிவின், அதாவது அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதன் சதவீதம். நல்ல மூடிக்கு ஏழு அலை, அதாவது ஒன்றரை சதவீதம். சந்தேக மூடிக்கு ஐந்து அலை, 2.2 சதவீதம். அதிர்வெண்ணை விட இதில் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறதே என்று மகிழ வேண்டாம். ட்யூப் முறுக்கிக்கொண்டால், பக்கத்தில் ஃபேன் ஓடினால், யாராவது ஓரத்தைத் தொட்டால் தணிவு மாறிவிடும். நான் இதைச் சாட்சியாக வைத்துக்கொள்வேன், தீர்ப்பு இதை வைத்து எழுத மாட்டேன்.

இதைவிட எனக்குப் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. ஒரே இடத்தில் ஐந்து சென்டிமீட்டர் இழுத்து மெதுவாகத் தட்டுங்கள், பிறகு இருபது இழுத்துப் பலமாக. நல்ல மூடிக்கு ஒலி கூடும், சுரம் மாறாது. ஒட்டு விட்ட மூடியில் மெதுவான தட்டுக்கு இடைவெளி மூடியே இருக்கும். பலமான தட்டுக்கு அது திறந்து மூடும், சுரம் ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் இறங்கும். இதற்குப் பழைய பதிவோ ஒப்பிட இன்னொரு மூடியோ தேவையில்லை.

இடத்தைப் பிடிப்பது

காயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இப்போது மாமாவின் நாணயத்துக்கே திரும்பி வர வேண்டும், ஆனால் இரண்டு பக்கமும். மார்க்கரால் ஐந்து சென்டிமீட்டர் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் தட்டி, போனை அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு போங்கள். ஒட்டு விட்ட தோல் ஒரு பறை மாதிரி, தனக்கென்று ஒரு சுரம் வைத்திருக்கும். 3 மில்லிமீட்டர் ஃபைபர் தோலுக்கு நான் போட்ட கணக்கில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிரிவு 1,300 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலிக்கும், 15 சென்டிமீட்டர் 600 பக்கம், 20 சென்டிமீட்டர் 325 பக்கம். விட்டம் இரட்டித்தால் சுரம் நாலில் ஒன்றாகும். எனவே சுரத்தைப் பார்த்துக் காயத்தின் அளவைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம்.

மேல் பக்கம் முழுக்க 'டிக்'. மாமா சொன்னது சரிதான். திருப்பிப் போட்டு உள்பக்கம் தட்டிக்கொண்டு வந்தபோது, ஓர் ஓரத்தின் நடுவில் மூன்று கட்டம் அகலத்துக்கு 'டொக்'. திரையில் 610-ல் ஒரு புது முகடு. நல்ல மூடியில் அதே இடத்தில் அப்படி ஒன்று இல்லை. மாமாவைக் கூப்பிட்டு நாணயத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். இரண்டு தட்டு தட்டினார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கம்பி போட்டு நெம்புத இடம்" என்றார். ஐஸ் உருகி உறைந்து மூடி இறுகிக்கொண்டால் பையன்கள் ஓரத்து நடுவில் கம்பியை விட்டு நெம்புவார்களாம். ஒவ்வொரு நெம்பலும் உள்தோலை ஃபோமிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்திருக்கிறது.

இதே முறையில் முழு வள்ளத்தையும் சோதிக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். மணலில் கிடக்கும் வள்ளத்தின் சுரத்தை மணலே தீர்மானிக்கும். நேற்று கிடந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி இழுத்தால் வேறு எண் வரும். அடிப்பகுதிக்கும் பக்கவாட்டுக்கும் கட்டம் போட்டுத் தட்டுவதே வழி. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளின் இறக்கைகளில் அதிர்வு சென்சார் வைத்து வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்றால், இறக்கை எப்போதும் ஒரே இடத்தில் ஒரே விதமாகப் போல்ட் போட்டு நிற்பதுதான் காரணம். அங்கும் காற்றின் வேகம், வெப்பநிலை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்துத்தான் மிச்சத்தை நம்ப முடியும்.

உள்தோலை அந்த இடத்தில் வெட்டியெடுத்து, ஃபோமைக் காயவைத்து, இரண்டு லேயர் மேட் போட்டு மூடினோம். ரிப்பேர் செய்தால் எடை கூடும், கூடிய இடமும் ஓரத்து நடு. எனவே பழைய 142, 187-ஓடு ஒப்பிடாதீர்கள். ரெசின் ஒரு வாரம் நன்றாக இறுகிய பிறகு புதிதாக அளந்து, அதையே ஆரம்ப எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு மூடியின் உள்பக்கமும் பெயின்ட் மார்க்கரால் எழுதிவைத்தேன்: தேதி, காலை 6.30, 26 டிகிரி, எடை, இரண்டு சுரம், பாதியாக விழ எத்தனை அலை. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "இதென்ன மக்களே, மூடிக்கு ஞானஸ்நான சர்டிபிகேட்டா?" என்றார். அடுத்த வாரம் புது ஐஸ் பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கப் போனபோது, மூடியை அச்சிலிருந்து எடுத்ததும் முதலில் என்னிடம் அனுப்பச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.